ரோஜாவில் கரும்புள்ளி, புல்தரையில் வெள்ளைக் குடை: எதற்கு மருந்து, எதைத் தின்னலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் வீடு. முன்பக்கம் நாலைந்து ரோஜா, ஒரு செம்பருத்தி, கறிவேப்பிலை, இரண்டு தென்னை, நடுவில் சின்னப் புல்தரை. மழை பிடித்ததும் ரோஜா இலையில் கரும்புள்ளி விழுந்து கொட்டுகிறது. கறிவேப்பிலை மேல் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. புல்தரையில் உள்ளங்கையை விடப் பெரிய வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூஞ்சைக்கொல்லியை அடிக்கலாமா, அந்தக் காளானைச் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சமைக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் இன்றைக்கே பிடுங்கி எடுத்துவிடுங்கள். அது என்ன காளான் என்று கீழே விளக்கமாக எழுதுகிறேன்.

ஒரே மருந்து என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் பூஞ்சைதான், ஆனால் மூன்றும் மூன்று விதமாகப் பிழைக்கின்றன. ரோஜாவில் இருப்பது உயிருள்ள இலையைத் தின்கிறது. கறிவேப்பிலையில் இருப்பது இலையைத் தொடுவதே இல்லை, பூச்சி விட்ட சர்க்கரையைத் தின்கிறது. புல்தரையில் இருப்பது மண்ணுக்குள் மக்கிக்கொண்டிருக்கும் பழைய வேரையும் சருகையும் தின்கிறது. தோட்டத்தில் எந்தப் பூஞ்சையைப் பார்த்தாலும் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

ரோஜாவில் தொடங்குகிறேன், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய நோய் அதுதான். கரும்புள்ளி நோய்க்குக் காரணமான பூஞ்சையின் பெயர் டிப்லோகார்பன் ரோசே. புள்ளியின் ஓரம் வெட்டினாற்போல் நேராக இருக்காது, கசிந்து பிசிறுபிசிறாக இருக்கும். புள்ளியைச் சுற்றி மஞ்சளாகி, பிறகு இலையே உதிரும். கீழ் இலைகளில் ஆரம்பித்து மேலே ஏறும். இதன் வித்து (விதை மாதிரி பரவும் நுண்துகள்) முளைத்து இலைக்குள் நுழைய, இலை சுமார் 7 மணி நேரமாவது ஈரமாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சாயங்காலம் குழாயைப் பிடித்துச் செடி மேலெல்லாம் தண்ணீர் அடித்தால், ராத்திரி முழுக்க இலை காயாது. காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றுங்கள். செடிக்குச் செடி காற்று போகிற இடைவெளி இருக்கட்டும். உள்பக்கமாக நெருங்கி வளரும் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

உதிர்ந்த இலையைச் செடியடியில் விட்டுவைப்பதுதான் பலரும் செய்யும் காரியம். பூஞ்சை அந்தச் சருகிலேயே உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் துளி தெறிக்கும்போது மேலே ஏறும். அதனால் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்துங்கள். வீட்டு உரக்குழியில் போட வேண்டாம், அங்கே அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறுவது அபூர்வம். இதையெல்லாம் செய்தும் மழை விடாமல் பெய்து நோய் அடங்கவில்லை என்றால் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து இலையின் இரு பக்கமும் நனைகிற மாதிரி தெளிக்கலாம். இவை இலைமேல் படிந்து நின்று புதுத் தொற்றைத் தடுப்பவை. ஏற்கெனவே புள்ளி விழுந்த இலையை மீண்டும் பச்சையாக்காது. கார்பென்டசிம் போன்ற ஊடுருவும் மருந்தை மாதாமாதம் பழக்கமாக அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் பூஞ்சை அதைத் தாங்கப் பழகிவிடும், கார்பென்டசிம் விஷயத்தில் இது பல பயிர்களில் நடந்திருக்கிறது. பன்னீர் ரோஜா வளர்த்து அந்த இதழில் குல்கந்து போடுகிறவர்கள் இந்த மருந்துகள் எதையும் அந்தச் செடிக்கு அடிக்கவே வேண்டாம்.

ரோஜாவில் கரும்புள்ளியை விட மோசமான ஒன்று நுனிக்கருகல். கவாத்து செய்த வெட்டுவாயிலிருந்து கிளை கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் செடியே போய்விடும். கறுப்பு முடிந்து பச்சைத் தண்டு தெரியும் இடத்துக்கும் கொஞ்சம் கீழே, கூர்மையான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். வெட்டின இடத்தில் போர்டோ பசையோ காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்தோ தடவிவிடுங்கள். ஒரு செடியை வெட்டின கத்தரியைத் துடைக்காமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள்.

போர்டோ பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. பிரான்சின் போர்டோ பகுதியில், வழியில் போகிறவர்கள் பறித்துத் தின்னாமல் இருக்கப் பாதையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் அவர் அதை முறையாக வெளியிட்டார். இன்றைக்கும் நம் ஊரில் வேலை செய்கிற கலவை அது. ஒரு சதவீதக் கலவைக்கு 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் நல்ல நீற்றுச் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு கூடாது. கலந்தபின் ஒரு இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள். அதன்மேல் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள், இல்லாவிட்டால் இலை கருகும். அன்றே கலந்து அன்றே தெளித்துவிட வேண்டும்.

இனி சாம்பல் நோய். ரோஜாவின் இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளை மாவு தூவினாற்போல் வரும், தளிர் சுருண்டுகொள்ளும். கரும்புள்ளிக்கு நேர் எதிர்க் குணம் இதற்கு. இலைமேல் தண்ணீர் நிற்பது இதற்குப் பிடிக்காது, பகலில் வறண்ட காற்றும் இரவில் ஈரக்காற்றும் இருந்தால் போதும். அதனால்தான் மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தையில் அதிகம் பார்க்கிறோம். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும். ஆனால் வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் தெளித்தால் இலை பொசுங்கிவிடும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் பாலை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்துப் பார்க்கலாம். பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் பால் தெளித்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது, அதில் சாம்பல் நோய் நன்றாகவே கட்டுப்பட்டது. நோய் தொடங்கும்போதே தெளிக்க வேண்டும், முற்றின பிறகு பயனில்லை.

கறிவேப்பிலைக் கறுப்பு பயமுறுத்தும், ஆனால் அது நோயே இல்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள், கறுப்பு கழன்று வந்து அடியில் பச்சை இலை தெரியும். கரும்பூசணம் என்பார்கள். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ இவற்றில் ஏதோ ஒன்று அந்தச் செடியிலோ, அதற்கு மேலே நிற்கிற மரத்திலோ சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அது கழிக்கிற இனிப்பு நீர் இலைமேல் சொட்டி, அதில் இந்தப் பூஞ்சை வளர்கிறது. எறும்பு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பூச்சி எங்கே என்று எறும்பே காட்டிக்கொடுக்கும். உங்கள் வீட்டில் தென்னை இருப்பதால் தென்னை ஓலையின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. அன்றிலிருந்து தென்னைக்கு அடியில் இருக்கும் எல்லாச் செடியும் கறுத்துப்போவது கொங்குப் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது வீண். பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, துளி சோப்புக் கரைசலோடு. கறுப்பு நீங்குவதற்கு நீர்த்த கஞ்சியோ மைதாக் கரைசலோ தெளித்தால், வெயிலில் காய்ந்து பொருக்காக உரியும்போது கறுப்பும் சேர்ந்து வந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்த கறிவேப்பிலையை ஒரு வாரம் பறிக்க வேண்டாம்.

தென்னை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தரையில் முளைக்கும் காளானால் பக்கத்து மரத்துக்கு ஆபத்து வருமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள், பெரும்பாலும் இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து, பிறகு அங்கேயே கட்டையாக, மேலே பளபளப்பான பழுப்பில், தட்டையான காளான் வந்தால் அது கானோடெர்மா. அடித்தண்டழுகல் என்றும் தஞ்சாவூர் வாடல் என்றும் சொல்கிற நோய் அதுதான். 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டதால் அந்தப் பெயர். காளான் வெளியே வருவதற்கு வெகு முன்பே வேர் அழுகியிருக்கும், ஆகவே சாறு வடியும்போதே கவனிக்க வேண்டும். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, தொழு உரத்தோடு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேர்ப்பகுதி நனையும்படி ஒரு சதவீதப் போர்டோ கலவை 40 லிட்டர் என்பது வேளாண் துறையினர் சொல்லும் முறை. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான் என்பதால் போர்டோ போன்ற செம்பு மருந்தையும் அதையும் ஒரே நேரத்தில் போட்டால் டிரைக்கோடெர்மா வீண், நடுவில் சில வாரங்கள் விடுங்கள். நோய் வந்த மரத்தைச் சுற்றி அகழி வெட்டி அடுத்த மரத்தின் வேரோடு தொடர்பை அறுத்துவிடுவதும் அவசியம்.

சரி, புல்தரைக்கு வருவோம். நீங்கள் சொன்ன அளவு, நிறம், வட்டமாக முளைப்பது, மழைக்குப் பின் வருவது எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்பநாடுகளின் புல்வெளிகளில் மிகச் சாதாரணமாக முளைப்பது. மொட்டாக இருக்கும்போது முட்டை வடிவம், விரிந்தால் 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை அகலம். வெள்ளைக் குடையின் நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் முதலில் வெள்ளையாக இருக்கும். அங்கேதான் ஆபத்து. இளசாக இருக்கும்போது கடையில் வாங்கும் மொட்டுக்காளான் மாதிரியே தெரியும், முற்றின பிறகுதான் மடிப்பு சாம்பல் பச்சையாக மாறும்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. விரிந்த குடை ஒன்றைத் தண்டு நீக்கி, வெள்ளைத் தாள்மேல் மடிப்புப் பக்கம் கீழே வரும்படி வைத்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளில் வித்துத்தூள் அச்சாகப் படிந்திருக்கும். பெரிய காளான்களில் பச்சை நிறத் தூள் உதிர்ப்பது அநேகமாக இது ஒன்றுதான். தொட்டால் விஷம் ஏறாது, பயப்பட வேண்டாம், கையைக் கழுவிக்கொண்டால் போதும்.

இதைத் தின்றவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வட அமெரிக்காவில் காளான் நஞ்சுச் சம்பவங்களில் மிக அதிகம் இதனால்தான். பெரியவர்கள் அநேகமாகப் பிழைத்துவிடுவார்கள், குழந்தைகளுக்கு நீர்ச்சத்து போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அது புல்லுக்குக் கெடுதல் செய்கிறதா என்றால், பெரிதாக இல்லை. முன்பு அங்கே ஒரு மரம் இருந்து வெட்டியிருப்பீர்கள், அல்லது வீடு கட்டும்போது மரத்துண்டு மண்ணில் புதைந்திருக்கும். நடுவிலிருந்து தின்றுகொண்டே வெளிப்பக்கமாக வளர்வதால்தான் வட்டம், வருடா வருடம் அது பெரிதாகும். மக்கும்போது தழைச்சத்து வெளிவருவதால் அந்த வட்டத்தில் புல் அதிகப் பச்சையாக இருக்கும். சில இடங்களில் பூஞ்சை இழை நெருங்கி மண் தண்ணீரை உள்ளே விடாமல் புல் காயலாம். அங்கே கடப்பாரையாலோ முள்கரண்டியாலோ நெருக்கமாகக் குத்தித் துளையிட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் மேலே இருக்கும் குடை ஒருவேளை கருகும், கீழே பரவியிருக்கும் இழைக்கு ஒன்றும் ஆகாது. மக்க வேண்டியது மக்கித் தீர்ந்ததும் காளானும் நின்றுவிடும்.

தொட்டிச் செடியில் எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய காளான் வந்தாலும் இதே பதில்தான். லூக்கோகோப்ரினஸ் பிர்ன்பௌமி என்று பெயர். தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் உள்ள தொட்டியில் மழைக்காலத்தில் வரும். செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை, அழகாகவும் இருக்கும். தின்னக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் தோட்டத்தில் முளைக்கிற எதையுமே தின்ன முடியாதா? முடியும். நம் மண்ணின் அருமையான உணவுக்காளான்களில் ஒன்று புற்றுக்காளான், டெர்மிட்டோமைசஸ் இனம். கரையான் தன் கூட்டுக்குள் மென்ற தாவரப் பொருளை அடுக்கி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. கரையானால் செரிக்க முடியாத மரச்சத்தை அது செரித்துத் தருகிறது. மழை விழுந்ததும் அங்கிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு காளான் மேலே வரும். குடை நடுவில் கூரான முனை இருக்கும், தோண்டினால் தண்டு வேர்போல் நீண்டு கூடு வரை போகும். கரையான் இல்லாமல் இதைப் பண்ணையில் வளர்க்க முடியாததால் இன்றும் மழையை நம்பித்தான் கிடைக்கிறது.

ஆனாலும் நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் பறிக்கக் கிளம்ப வேண்டாம். அதே ஊரில், அதே புற்றில் பல வருடம் எடுத்துப் பழகினவரோடு போய்க் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டிய விஷயம் இது. அப்படிப்பட்டவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் அறிவு மதிப்புள்ளது. ஆனால் ஒரு ஊரில் கற்றதை வேறொரு ஊருக்கு அப்படியே கொண்டுபோனால் ஆபத்து. வைக்கோல் காளானைத் தின்று வளர்ந்த தென்கிழக்கு ஆசியர்கள் அமெரிக்காவுக்குப் போய், அங்கே அதைப்போலவே உறையிலிருந்து வெளிவரும் அமனிட்டா ஃபல்லாய்ட்ஸ் என்ற கொடிய நச்சுக்காளானைப் பறித்துச் சமைத்து இறந்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள்.

மஞ்சளோ பூண்டோ போட்டு வேகவைத்து நிறம் மாறினால் விஷம், வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, மாடு தின்றால் நாமும் தின்னலாம் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒன்றுகூட உண்மை இல்லை. உயிரைக் கொல்லும் அமாட்டாக்சின் நஞ்சு மஞ்சளோடும் வெள்ளியோடும் எந்த வினையும் செய்யாது, வேகவைத்தாலும் காயவைத்தாலும் அழியாது, அதைத் தின்ற புழு சுகமாக இருக்கும். இந்த நஞ்சு உங்கள் புல்தரைக் காளானில் இல்லை. ஆனால் ஏறக்குறைய அதே சாயலில், விரல் நீளமே இருக்கும் லெபியோட்டா இனக் காளான்கள் சிலவற்றில் உண்டு. சின்னதாக, செதிலும் வளையமுமாக இருப்பதை இன்னும் தள்ளியே வையுங்கள்.

அமாட்டாக்சின் உள்ளதைத் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வாந்தி பேதி தொடங்கும். ஒருநாளில் சரியானது போலத் தோன்றும். மூன்றாம், நான்காம் நாளில் ஈரல் செயலிழக்கும். ஆகவே யாராவது தெரியாத காளானைத் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். எத்தனை மணிக்குத் தின்றார் என்று குறித்துக்கொண்டு, மிச்சமான காளானைக் காகிதத்தில் பொதிந்து கையோடு எடுத்துப் போங்கள்.

காளான் தின்னும் ஆசைக்கு வீட்டுக்கு ஏற்றது பால் காளான். 1974-இல் மேற்கு வங்கத்தில் கண்டு பெயரிடப்பட்ட கலோசைப் இண்டிகா. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதால் அந்தப் பெயர். சிப்பிக்காளானுக்குக் குளுமை வேண்டும், இது 30 முதல் 35 டிகிரி வெயிலிலும் வரும். வைக்கோலை 5 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்துங்கள். பாலிதீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் விதை ஒரு அடுக்கு என்று நிரப்பிக் கட்டி, சில துளைகள் போட்டு இருட்டறையில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே முழுக்க வெள்ளை இழை படரும். பையை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டின முகத்தின்மேல் வேகவைத்து ஆறின மண்ணை 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, வெளிச்சம் உள்ள, ஈரம் காக்கிற இடத்துக்கு மாற்றுங்கள். தினம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பத்து நாளில் மொட்டு தெரியும், அதற்கு அடுத்த வாரம் பறிக்கலாம். விதை கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும். விதைப் புட்டியில் இழை தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் வாங்காதீர்கள்.